கன்று தாண்டிய வெளிச்சம்

மிளகு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. உருவம் சின்னது, காரம் பெரியது என்று யாரோ வைத்த பெயர். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அது ஒட்டிக்கொண்டது. அந்தச் சனிக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு அவளுக்கு வந்த கோபத்தைப் பார்த்திருந்தால், பெயர் வைத்தவருக்கே கொஞ்சம் பயம் வந்திருக்கும்.

கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள். செய்யாத தப்பைச் செய்தாய் என்று ஒருத்தி இருநூறு பேர் முன்னால் விரலை நீட்டினால்?

மிளகின் அம்மா படம் எடுப்பவர். கல்யாணம், பிறந்தநாள் எல்லாம் எடுக்கமாட்டார். ஓடுகிற மிருகங்களை மட்டும்தான் எடுப்பார். "நில்லுன்னா நிக்கிறதை யார் வேணும்னாலும் எடுக்கலாம்" என்பார். மிளகுக்குப் பதினோரு வயதுதான். அதற்குள் அவளுக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிவிட்டது. அம்மாவின் பழைய கேமரா இப்போது அவளுடையது.

அன்று நடந்தது கன்று பிரிக்கும் போட்டி. பெரிய தகரக் கொட்டகைக்குள் மண் தரை. ஒரு மூலையில் பத்துக் கன்றுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண். நடுவர் ஓர் எண்ணைச் சொல்வார். குதிரையில் வருபவர் கூட்டத்தில் புகுந்து, அந்தக் கன்றை மட்டும் பிரித்து, எதிர்மூலையில் இருக்கும் பட்டிக்குள் ஓட்ட வேண்டும். அதற்கு ஒரே ஒரு நிமிடம். கன்றுக்கோ, கூட்டத்தை விட்டுப் போக இஷ்டமே இருக்காது. இந்தப் பக்கம் பாயும், அந்தப் பக்கம் பாயும். குதிரை அதற்கு முன்னால் போய் மறிக்கும்.

பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். படம் எடுப்பதுதான் பாடு.

கொட்டகைக்குள் வெளிச்சம் என்பது பேருக்குத்தான். கூரையில் ஆறு விளக்குகள் இருந்தன. அதில் இரண்டு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தன. போதாததற்குத் தூசி. அந்த மங்கலில் ஓடுகிற குதிரையைக் கிளிக் செய்தால் படத்தில் குதிரை வராது, சாம்பல் நிறத்தில் ஒரு துடைப்பம்தான் வரும். ஃப்ளாஷ் அடித்தால் தெளிவாக வரும். ஆனால் முகத்துக்கு நேரே வெளிச்சம் வெட்டினால் குதிரை மிரண்டுவிடும். அதனால் கொட்டகை வாசலிலேயே சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தார்கள்: ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது.

மிளகு அடிக்கவில்லை. காலையில் எடுத்த படமெல்லாம் துடைப்பமாகவே வந்ததும், கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் மாமாவிடம் போய்க் கெஞ்சினாள். மேற்குப் பக்கச் சுவரின் மேல்பாதியில் தொங்கிய தார்ப்பாயை அவர் நண்பகலில் சுருட்டிக் கட்டிவிட்டார். வெளியே மேகமூட்டம், மெத்தென்ற வெளிச்சம் உள்ளே வந்தது. மிளகு அந்தத் திறப்புக்கு நேர் கீழே, வேலியோரம் இடம் பிடித்தாள். அதன் பிறகு எடுத்த படங்களில் குதிரைக்கு நாலு கால் இருந்தது.

நாலேகாலுக்குச் சீட்டி வந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. குதிரையைச் சீட்டியடித்தே கூப்பிடுவாள் என்பதால் அந்தப் பெயர். அவளுடைய பழுப்புக் குதிரையின் பெயர் சோம்பேறி. அந்தக் கொட்டகையில் அதை முந்திய குதிரை கிடையாது.

"ஏழு" என்றார் நடுவர்.

சீட்டி ஏழாம் எண் கன்றைப் பிரித்துவிட்டாள். கன்று மேற்குப் பக்கமாகப் பறந்தது, பின்னாலேயே சோம்பேறி. மிளகு கேமராவில் கண்ணை வைத்தபடி அமுக்கிக்கொண்டே இருந்தாள். திடீரென்று சோம்பேறி நாலு காலையும் ஊன்றி நின்றது.

சோம்பேறி நின்றது. சீட்டி நிற்கவில்லை. குதிரையின் தலையைத் தாண்டிப் போய் மண்ணில் விழுந்தாள்.

நல்லவேளை, முழங்கை மட்டும் சிராய்த்திருந்தது. எழுந்ததும் அவள் கையைப் பார்க்கவில்லை, தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. நேராக மிளகைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"அவதான். ஃப்ளாஷ் அடிச்சா. என் கண்ணுல பளிச்சுன்னு விழுந்தது."

"நான் அடிக்கல."

"நான் பார்த்தேன்."

"எப்போ பார்த்தே? தலைகீழாப் போகும்போதா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சீட்டியின் கண் கலங்கிவிட்டது. நடுவர் விசிலை ஊதினார். அவர் கொட்டகையின் அகலத்தில் பாதி இருப்பார், விசில் மட்டும் குருவி மாதிரி கத்தும்.

"பாப்பா, கேமராவை மூடு. நாளைக்கும் இந்த வேலிப் பக்கம் உன்னைப் பார்க்கக் கூடாது" என்றார் மிளகிடம். பிறகு சீட்டியிடம் திரும்பினார். "வெளி இடையூறு. உன் மேல தப்பில்ல. நாளைக்கு மூணு மணிக்கு நீ மறுபடி ஓட்டலாம். நேரத்துக்குள்ள முடிச்சா இறுதிச் சுற்றுக்குப் போகலாம்."

"நான் அடிக்கவே இல்ல சார்" என்றாள் மிளகு.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் நடுவர்.

வாசல் பக்கம் படம் எடுத்துக்கொண்டிருந்த அம்மா மூச்சு வாங்க ஓடிவந்தார். மிளகுக்கு அப்பாடா என்றிருந்தது. அம்மா குனிந்து, காதோடு கேட்டார்.

"அடிச்சியா?"

மிளகு நிமிர்ந்து அம்மாவை முறைத்தாள்.

"இல்ல, பழைய கேமரா. தெரியாம விரல் பட்டா அதுவாவே..."

"அம்மா."

"சரி சரி, கேட்டேன்."

சீட்டி சொன்னது கூடப் பரவாயில்லை. நடுவர் சொன்னதும் பரவாயில்லை. அம்மா கேட்ட அந்த ஒரு சொல்தான் சுள்ளென்று ஏறியது. வீடு போகும் வரை மிளகு வண்டியின் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டு முன்னறை மேஜையில் அம்மா பழைய பெயின்ட் பிரஷ்ஷால் கேமராக்களின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். மிளகு கம்ப்யூட்டரில் அன்றைய படங்களை ஏற்றினாள். நாற்காலியை இழுத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"அம்மா, இங்க வாங்க."

"என்ன?"

"படிங்க."

ஒவ்வொரு படத்தோடும் கேமரா சில குறிப்புகளையும் எழுதி வைக்கும். எத்தனை மணிக்கு எடுத்தது, எந்த லென்ஸ், ஃப்ளாஷ் எரிந்ததா இல்லையா எல்லாம் அதில் இருக்கும். சீட்டி விழுந்த படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: ஃப்ளாஷ் எரியவில்லை.

"அடுத்ததையும் படிங்க. அதுக்கு அடுத்தது. முந்நூத்திப் பன்னிரண்டு படம் இருக்கு, எல்லாத்தையும் படிங்க."

அம்மா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"ஆமா, கூடாது."

"கூடாதுதான். நாளைக்கு இதைக் காகிதத்துல எடுத்து நானே நடுவர்கிட்ட காட்டுறேன். இப்போ சாப்பாட்டைச் சூடு பண்றேன், வா."

அம்மா அடுப்படிக்குப் போனதும் மிளகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் ஆதாரம் கையில் இருக்கும்போது கோபம் கொஞ்சம் இனிப்பாக இருக்கிறது. நாளைக்கு நடுவர் முகம் எப்படிப் போகும்? சீட்டி முகம் எப்படிப் போகும்? அந்த முகத்தை இப்போதே ஒரு தடவை பார்க்கலாம் என்று விழுந்த படத்தைப் பெரிதாக்கினாள். வாய் நன்றாகத் திறந்திருந்தது. திருப்தியாக இருந்தது. அதற்கு முந்தைய படம், அதற்கும் முந்தையது என்று பின்னால் போனாள்.

மூன்றாவது படத்தில் நின்றாள்.

அதில் ஏழாம் எண் கன்று ஆகாயத்தில் இருந்தது. நாலு காலையும் மடக்கி, வாலைத் தூக்கி, ஒரு வாய்க்காலைத் தாண்டுவதுபோல் தாண்டிக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே வாய்க்கால் இல்லை, கட்டை இல்லை, கயிறு இல்லை. வெறும் மண்தரை.

"லூசுக் கன்னுக்குட்டி" என்றாள் மிளகு.

பிறகுதான் தரையைப் பார்த்தாள். சாம்பல் நிறத் தரையின் குறுக்கே வெள்ளையாக ஒரு பட்டை. யாரோ சுண்ணாம்பைக் கொட்டி இழுத்ததுபோல் இருந்தது. கன்று அதைத்தான் தாண்டியிருக்கிறது. அடுத்த படத்தில் சோம்பேறி அதற்கு முன்னால் காலை ஊன்றியிருக்கிறது, இரண்டு காதும் தரையைப் பார்த்து நீண்டிருக்கின்றன. அது மிளகைப் பார்க்கவே இல்லை.

மதியம் எடுத்த படங்களில் அந்தப் பட்டை இல்லை. மூன்று மணிப் படங்களிலும் இல்லை. நாலு மணி பதின்மூன்று நிமிடத்துக்கு வருகிறது, நாலு பத்தொன்பதுக்குக் காணாமல் போகிறது. மேகம் விலகிய ஆறு நிமிடம். மேற்கே சாய்ந்த வெயில், சுவரின் மேல்பாதித் திறப்பு வழியாக, மிளகின் தலைக்கு மேலாக, நேராக உள்ளே விழுந்திருக்கிறது. கன்றின் காலடியில் விழுந்திருக்கிறது. சீட்டியின் கண்ணிலும் விழுந்திருக்கிறது.

அந்தத் திறப்பை யார் கேட்டது?

வெளிச்சம் வேண்டும் என்று கேட்டவளுக்கு, நண்பகல் வெயில் நாலு மணிக்கு வேறு பக்கம் வரும் என்று தோன்றாமல் போய்விட்டது. மிளகு கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"சாப்பிட வா."

"பசிக்கல."

"கோபமா இன்னும்?"

"ஆமா" என்றாள் மிளகு. யார் மேல் என்று அம்மா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு மணிக்கே மிளகு கொட்டகை மாமாவைத் தேடிப் பிடித்தாள். அவர் கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்தத் தார்ப்பாயை இறக்கிக் கட்டிடறீங்களா?"

"நேத்து தூக்குன்னு சொன்னே. இன்னிக்கு இறக்குன்னு சொல்றே. நாளைக்கு அதுல சட்டை தைச்சுத் தரச் சொல்லுவே போல."

"ப்ளீஸ் மாமா."

அவர் முனகிக்கொண்டே ஏணியைச் சாய்த்து ஏறினார். தார்ப்பாய் இறங்கியது, கொட்டகை மறுபடி இருண்டது. மிளகு மூச்சு விட்டாள். இனி எந்தக் குதிரையும் மிரளாது. யாரும் விழமாட்டார்கள். யாரிடமும் எதுவும் சொல்லவும் வேண்டாம். முடிந்தது.

முடியவில்லை.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் அம்மா அந்தக் காகிதத்தை நடுவரிடம் நீட்டினார். நடுவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார்.

"உம். எரியல. பாப்பா அடிக்கல." மிளகைப் பார்த்து ஒரு தலையாட்டு ஆட்டினார். அவ்வளவுதான் மன்னிப்பு. பிறகு சீட்டியைக் கூப்பிட்டார்.

அவள் ஏற்கெனவே சோம்பேறியின் மேல் ஏறித் தயாராக இருந்தாள். முழங்கையில் கட்டு.

"ஃப்ளாஷ் அடிக்கலன்னு ஆதாரம் இருக்கு. அப்போ வெளி இடையூறு இல்ல. குதிரையை அடக்க முடியாம விழுந்திருக்கே. மறு ஓட்டம் கிடையாது, இறங்கு."

"இல்ல சார், நான் பார்த்தேன். கண்ணுல பளிச்சுன்னு..."

"தோத்ததுக்கு அடுத்தவங்க மேல பழி போடுறது அசிங்கம். பொய் சொல்லாதே."

"நான் பொய் சொல்லல."

அவள் கடிவாளத்தைப் பிடித்த கை இறுகி, விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. மிளகுக்கு அந்தக் கையை அடையாளம் தெரிந்தது. நேற்று வண்டியில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தபோது, மடியில் கிடந்த தன் கை அப்படித்தான் இருந்தது.

கோபம் மறுபடி குப்பென்று ஏறியது. பழி சொன்ன சீட்டி மேல் கோபம். யாரையும் நம்பாத நடுவர் மேல் கோபம். ஒரே இடத்தில் நிற்கத் தெரியாத சூரியன் மேல் கோபம். எல்லாவற்றையும்விட, நேற்று இரவிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்த மிளகின் மேல்தான் மிளகுக்குக் கோபம்.

"அவ பொய் சொல்லல" என்றாள். கத்தினாள் என்றே சொல்லலாம்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நீ ஏன் பாப்பா குறுக்க வர்றே? நீ அடிக்கலன்னு தெரிஞ்சு போச்சே" என்றார் நடுவர்.

"நான் ஃப்ளாஷ் அடிக்கல. ஆனா அவ கண்ணுல வெளிச்சம் விழுந்தது. இதைப் பாருங்க."

கேமராவின் பின்பக்கத் திரையில் அந்தக் கன்றைக் காட்டினாள். நடுவர் பார்த்தார். கொட்டகை மாமாவும் தலையை நீட்டிப் பார்த்தார். அம்மா ஒரே பார்வையில் புரிந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"வெயில். மேற்குத் தார்ப்பாய் வழியா வந்தது. சோம்பேறி அதைப் பார்த்துத்தான் நின்னது. இது இந்தக் கொட்டகையோட தப்பு, அவளோடது இல்ல."

"அந்தத் தார்ப்பாய் எப்பவும் இறக்கித்தானே இருக்கும்? யார் தூக்கச் சொன்னது?"

"நான்தான் சார். படம் இருட்டா வந்தது."

"தூக்கினது நான்" என்றார் கொட்டகை மாமா, ஏணியைப் பார்த்தபடி.

நடுவருக்கு வந்த கோபம் அவருடைய உடம்புக்கு ஏற்ற அளவில் இருந்தது. மிருகங்கள் ஓடுகிற இடத்தில் ஓர் ஆணியைக் கூடக் கேட்காமல் தொடக் கூடாது என்றார். மாமாவைத் திட்டினார். அம்மாவைத் திட்டினார். "என் பொண்ணு செஞ்சதுக்கு நான் பொறுப்பு சார்" என்று அம்மா சொன்னதற்கும் திட்டினார். மிளகை மட்டும் தனியாக இரண்டு நிமிடம் திட்டினார். மிளகு தரையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் அவருக்கே மூச்சு வாங்கியது.

"சீட்டிக்கு மறு ஓட்டம் உண்டு. பாப்பா, நீ ரெண்டாவது வேலிக்கு வெளியே நின்னு எடு. அங்கேயிருந்து எதையும் தொட முடியாது."

சீட்டி குதிரையை மிளகின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்து ஏழு மணிக்கு."

"இப்போ மணி மூணு."

"தெரியும்."

சீட்டி முழங்கைக் கட்டைச் சரிசெய்துகொண்டாள். "ஃப்ளாஷ்னு சொன்னது என் தப்பு. தார்ப்பாய் உன் தப்பு."

"ஆமா."

"எனக்கு இன்னும் கோபம் போகல."

"எனக்கும்தான்" என்றாள் மிளகு.

"சரி" என்று சொல்லிவிட்டுச் சீட்டி போனாள்.

இரண்டாவது வேலிக்கு வெளியே வெளிச்சம் இன்னும் மோசம். இருட்டில் எடுக்க ஒரு வழி உண்டு. கேமரா கண்ணைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைத்துக்கொண்டு, குதிரை போகும் வேகத்திலேயே உடம்பைத் திருப்ப வேண்டும். குதிரையோடு சேர்ந்து நீங்களும் ஓடுவது மாதிரி, ஆனால் நின்ற இடத்திலேயே. ஒரு மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் துடைப்பம்தான். கை நடுங்கினாலும் அப்படித்தான். கோபமாக இருக்கும்போது கை நடுங்கும்.

மிளகு காலை அகட்டி ஊன்றினாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். அம்மா பின்னால் வந்து, தன் கழுத்திலிருந்த புதுக் கேமராவைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினார். பழைய கேமராவை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

"மூணு" என்றார் நடுவர்.

மூன்றாம் எண் கன்று மகா போக்கிரி. இரண்டு தடவை கூட்டத்துக்குள் திரும்பி ஓடியது. சீட்டி மெல்லச் சீட்டியடித்தாள். சோம்பேறி தலையைத் தாழ்த்தி, பூனை மாதிரி இடம் வலம் ஆடி மறித்தது. கன்று வேறு வழியில்லாமல் மேற்குப் பக்கம் பாய்ந்தது. மிளகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே திரும்பினாள். திரும்பிக்கொண்டே அமுக்கினாள், அமுக்கிய பிறகும் திரும்புவதை நிறுத்தவில்லை.

சோம்பேறி எங்கேயும் நிற்கவில்லை. பட்டியின் கதவு மூடியபோது ஐம்பத்திரண்டு விநாடி.

போட்டியெல்லாம் முடிந்த பிறகு, கொட்டகைக்குப் பின்னால் சீட்டி குதிரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மிளகு கேமராவை எடுத்துக்கொண்டு போனாள்.

"நாற்பது எடுத்தேன். முப்பத்தொம்பது துடைப்பம்."

"ஒண்ணு?"

மிளகு காட்டினாள். கொட்டகை, வேலி, கூட்டம் எல்லாம் கோடு கோடாக இழுபட்டு ஓடின. அந்தக் கோடுகளுக்கு நடுவே கன்றின் ஒரு காதும் சோம்பேறியின் கண்ணும் மட்டும் கத்தியால் செதுக்கியதுபோல் நின்றன.

சீட்டி கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"என் முகம் எங்கே?"

"இதோ. இந்தப் பழுப்புக் கோடு."

"இதுவா என் முகம்?"

"மூக்கு."

சீட்டிக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. "இவ்வளவு வேகமாவா போனேன்?"

"போனே."

"பெரிசாப் போட்டுத் தருவியா? என் அறைச் சுவர் முழுக்க வர்ற மாதிரி."

"மூக்கு ரொம்பப் பெரிசா வரும்."

"வரட்டும். இதைக் கொஞ்சம் பிடி, நான் சீப்பு எடுத்துட்டு வரேன்" என்று சொல்லி, கடிவாளத்தை மிளகின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

சோம்பேறி ஈரத் தலையை நீட்டி மிளகின் தோளை மோந்தது. பிறகு அங்கேயே தாடையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நல்ல வெளிச்சத்தில், கொஞ்சமும் அசையாமல் ஒரு குதிரை நின்றது மிளகுக்கு அதுதான் முதல் தடவை. கழுத்தில் கேமரா தொங்கியது. அதைத் தொடவே அவளுக்குத் தோன்றவில்லை.